கேம் சர்வரில் உலகத்தைத் தொடுவது யார்?

கேம் சர்வரின் நிரலைப் பிரித்து அடுக்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் எனக்குக் கேட்கத் தோன்றும் கேள்வி ஒன்றுதான். யார் எங்கே நிற்கிறார், யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம், கொடி யார் கையில் இருக்கிறது, ஆட்டத்தின் உலகம் என்று நான் சொல்லும் இந்த விவரங்களை உங்கள் நிரலில் எத்தனை இடங்களிலிருந்து மாற்ற முடிகிறது? இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத வரைக்கும் ஃபைல்களை எவ்வளவு அழகாகப் பிரித்தாலும் பெரிய பலன் இருக்காது என்று நினைக்கிறேன். கடந்த சில மாதங்களாக எங்கள் ஆட்டத்தின் சர்வரைப் பிரித்துக் கட்டியதில் அந்த எண்ணம் இன்னும் உறுதியாகிவிட்டது, அதனால் செய்ததை எல்லாம் வரிசையாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆட்டம் சின்னதுதான். பிரவுசரில் ஓடும், மேலிருந்து பார்க்கிற கோணம், ஓர் அறையில் 8 பேர், இரண்டு அணி, எதிரணியின் கொடியை எடுத்து வந்து நம் இடத்தில் சேர்க்க வேண்டும். சர்வர் கோ மொழியில், ஆடுகிறவரின் பிரவுசரில் ஓடும் கிளையண்ட் டைப்ஸ்கிரிப்டில், நடுவில் இரண்டையும் தொடர்ந்து இணைத்து வைக்கும் வெப்சாக்கெட். நண்பர்கள் சேர்ந்து வாரக் கடைசிகளில் எழுத ஆரம்பித்து, ஆடுகிறவர்கள் கூடக் கூட ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனது.

கோ மொழியில் வெப்சாக்கெட் சர்வர் எழுதும்போது எல்லோருக்கும் கைவருகிற வடிவம் ஒன்று உண்டு. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு கோரூட்டீன் (மற்றவற்றோடு ஒரே நேரத்தில் தனியாக ஓடும் ஒரு சின்ன வேலை), அதில் ஒரு லூப், மெசேஜ் வந்தால் வேறு யாரும் தொடாதபடி லாக் போடு, நிலையை மாற்று, எல்லோருக்கும் அனுப்பு, லாக்கை விடு. சாட் சர்வருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் சாட்டில் ஒரு மெசேஜ் வந்து அனுப்பப்பட்டதோடு அதன் கதை முடிந்துவிடுகிறது. ஆட்டத்தில் அப்படி இல்லை. யாரும் எதுவும் அழுத்தாவிட்டாலும் நேரம் நகரும், குண்டு பறந்துகொண்டே இருக்கும், கீழே விழுந்த கொடி தானாகத் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். வெப்சாக்கெட் பழகுகிறவர்களுக்குக் கிடைக்கும் முதல் உதாரணம் பெரும்பாலும் சாட் என்பதால் நிறைய சின்ன கேம் சர்வர்கள் சாட் சர்வரின் உடம்போடுதான் பிறக்கின்றன, எங்களுடையதும் அப்படித்தான்.

அந்த உடம்பில் ஆட்டம் வளர வளர என்ன ஆகிறது என்றால், "நகர்" என்ற மெசேஜ் வந்தவுடன் ஆட்டக்காரர் ஒரு அடி நகர்கிறார் என்று எழுதியிருப்பதால் மெசேஜை வேகமாக அனுப்புகிறவர் வேகமாக ஓடுகிறார். 60 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவரைவிட 144 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவர் முன்னே போகிறார். அதைத் தடுக்க நேரக் கணக்கு வருகிறது, அது கடிகாரத்தைப் பார்க்கிறது. கொடி திரும்புவதற்கு ஒரு டைமர், குண்டு மறைவதற்கு ஒரு டைமர், இறந்தவர் மீண்டும் வருவதற்கு ஒரு டைமர், இவை ஒவ்வொன்றும் தனித்தனி கோரூட்டீனில் விழித்தெழுந்து உலகத்துக்குள் கை விடுகின்றன. ஒரே லாக் போதாது என்று தோன்றி அறைக்கு ஒன்று, ஆட்டக்காரருக்கு ஒன்று என்று லாக் பிரிகிறது. சுடும் ஃபங்ஷன் அறை லாக்கைப் பிடித்துக்கொண்டு ஆட்டக்காரர் லாக்குக்குக் காத்திருக்கும், அதே நேரத்தில் இணைப்பு அறுந்த ஒருவரை வெளியேற்றும் ஃபங்ஷன் ஆட்டக்காரர் லாக்கைப் பிடித்துக்கொண்டு அறை லாக்குக்குக் காத்திருக்கும். அந்த அறை அப்படியே உறைந்துவிடும், மற்ற அறைகள் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும், சர்வரின் பதிவேட்டில் ஒரு வரி கூட இருக்காது.

கோ மொழியின் ரேஸ் டிடெக்டரை ஓட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். அது அருமையான கருவி, நாங்களும் ஓட்டுகிறோம். ஆனால் இரண்டு கோரூட்டீன்கள் லாக் இல்லாமல் ஒரே நினைவிடத்தைத் தொடுவதை மட்டும்தான் அது பிடிக்கும். எல்லா இடத்திலும் ஒழுங்காக லாக் போட்டுவிட்டால் அது மௌனமாகிவிடும், ஆனால் இரண்டு பேர் கொடியைத் தொட்டால் யாருக்குக் கிடைக்கும் என்பதை அப்போதும் அந்த நொடியில் யாருடைய கோரூட்டீன் முதலில் லாக்கைப் பிடித்தது என்பதே முடிவு செய்கிறது. நிரல் சரி, ஆட்டம் தப்பு.

அதனால் எடுத்த முடிவு இது. ஓர் அறையின் உலகத்தை ஒரே ஒரு கோரூட்டீன் மட்டும் தொடும். மற்ற எல்லோரும், நெட்வொர்க், லாகின், அட்மின் பக்கம், யாராக இருந்தாலும், "இதைச் செய்ய விரும்புகிறேன்" என்று ஒரு சேனலில், அதாவது கோரூட்டீன்களுக்கு இடையிலான ஒரு வரிசையில், போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். அந்த ஒரு கோரூட்டீன் விநாடிக்கு 30 முறை விழித்து, வந்திருக்கும் கோரிக்கைகளை எடுத்து, உலகத்தை ஒரு டிக், அதாவது ஒரு சின்னப் படி, முன்னே தள்ளும். டிக் எண்ணிக்கை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், பழைய சுடும் ஆட்டமான குவேக் 3 சர்வரின் இயல்பான அமைப்பு விநாடிக்கு 20, மைன்கிராஃப்டும் 20, வேலரன்ட் 128. டிசிபி மேல் ஓடும் வெப்சாக்கெட்டில் 30-க்கு மேல் போவதில் எங்களுக்கு லாபம் தெரியவில்லை. உலகத்துக்குள் கடிகாரம் கிடையாது, டிக் எண் மட்டும்தான். டைமர்கள் எல்லாம் போய், "இந்தக் கொடி 4210-ஆவது டிக்கில் திரும்பும்" என்று உலகத்துக்குள்ளேயே ஒரு எண்ணாக உட்கார்ந்துவிட்டன. ரேண்டம் எண்கள் பிறக்கும் தொடக்க எண்ணான விதையும் உலகத்துக்குள்ளேயே.

இலக்கு என்னவோ தெளிவாக இருந்தது. அங்கே போகிற வழிதான் கஷ்டம், இதைப் பற்றி யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. பழைய நிரலைத் தொடுவதற்கு முன் அதன் நடத்தையைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும், மாற்றிய பிறகு அதே உள்ளீட்டைக் கொடுத்து அதே விளைவு வருகிறதா என்று பார்க்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பழைய நிரலுக்கு ஒரே உள்ளீட்டை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு விதமாக ஆடும், அதுதானே அதன் பிரச்சினையே. அப்படியானால் எதை எதோடு ஒப்பிடுவது?

இதற்கு நாங்கள் செய்தது வழக்கமான அறிவுரைக்கு நேர் எதிரானது. லாக்குகளை இன்னும் நுணுக்கமாகப் பிரிப்பதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் தூக்கிவிட்டு அறைக்கு ஒரே ஒரு பெரிய லாக் போட்டோம். 8 பேர் இருக்கிற அறையில் அதனால் வேகம் குறையவே இல்லை, ஒவ்வொருவரும் லாக்கைப் பிடித்திருப்பது மைக்ரோ விநாடிக் கணக்கில். ஆனால் இதனால் கிடைத்தது பெரியது, அந்த அறைக்குள் நடக்கும் எல்லாமே ஒரே நேர்கோட்டில் வந்துவிட்டன. யார் லாக்கைப் பிடித்தாலும், மெசேஜாக இருந்தாலும் டைமராக இருந்தாலும், உள்ளே நுழைந்தவுடன் தன் பெயரையும் தன் உள்ளீட்டையும் அப்போதைய நேரத்தையும் ஒரு ஃபைலில் எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். உள்ளே இருந்த கடிகார அழைப்புகள் எல்லாம் அந்தப் பதிவான நேரத்தை வாங்கிக்கொள்ளும்படி மாறின. அவ்வளவுதான், கோரூட்டீன்களின் குழப்பம் முழுவதும் ஒரு வரிசையான பட்டியலாகிவிட்டது. அந்தப் பட்டியலை ஒரே கோரூட்டீனில் மேலிருந்து கீழே ஓட்டினால் நடந்த ஆட்டம் அப்படியே மீண்டும் நடக்கும். ஒவ்வொரு வரிக்குப் பிறகும் உலகத்தின் நிலையை ஹேஷ் செய்து, அதாவது நிலை மாறினால் தானும் மாறும் ஒரு சின்ன எண்ணாகச் சுருக்கி, பக்கத்தில் வைத்துக்கொண்டோம். நிஜ ஆட்டக்காரர்கள் ஆடிய ஆட்டங்கள் இப்படி நிறையச் சேர்ந்தன, எந்த டெஸ்ட்டையும் உட்கார்ந்து யோசித்து எழுதியிருந்தாலும் இவ்வளவு விசித்திரமான நிலைமைகள் அதில் வந்திருக்காது.

இதற்குப் பிறகுதான் ஃபங்ஷன்களை நகர்த்த ஆரம்பித்தோம், நகர்த்திய ஒவ்வொரு முறையும் எல்லாப் பதிவுகளையும் ஓட்டினோம். ஹேஷ் மாறாத வரைக்கும் அது ரீஃபாக்டரிங், அதாவது நடத்தை மாறாமல் நிரலை மட்டும் ஒழுங்குபடுத்துவது. மெசேஜ் வந்தவுடன் நகர்வது என்ற பழைய முறையிலிருந்து டிக் முறைக்குத் தாவியது மட்டும் ரீஃபாக்டரிங் ஆகாது, அங்கே ஆட்டமே மாறுகிறது, ஹேஷ் மாறித்தான் ஆக வேண்டும். அதைத் தனி பிராஞ்சில், வேறு எந்த அடுக்கல் வேலையும் கலக்காமல் செய்து, ஆட்டக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வெளியிட்டோம். இந்த இரண்டையும் ஒரே கமிட்டில் கலப்பதை மட்டும் யாரும் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், ஏதாவது உடைந்தால் நகர்த்தியதால் உடைந்ததா, மாற்றியதால் உடைந்ததா என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

இந்த இடத்தில் குவேக் 3 பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அதன் மூல நிரல் 2005 ஆகஸ்டில், யாரும் படித்து மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியானது, கேம் சர்வர் எழுதுகிற யாரும் ஒரு முறையாவது படித்துப் பார்க்க வேண்டியது. அதில் ஆட்டக்காரரின் நகர்வைக் கணக்கிடும் ஃபைலின் பெயர் பிஜி என்று ஆரம்பிக்கும், சர்வர் பக்கமும் கிளையண்ட் பக்கமும் இரண்டுமே பயன்படுத்துவது என்று அர்த்தம். அந்த ஃபைலில் முடுக்கத்தைக் கணக்கிடும் ஃபங்ஷனுக்குள் இரண்டு வழிகள் எழுதியிருக்கும். ஒன்று குவேக் 2 பாணி. இன்னொன்று முறையான வழி, பக்கவாட்டில் குதித்துக் குதித்து வரம்பை மீறி வேகம் எடுக்கும் பக், அதாவது பிழை, இதில் வராது, ஆனால் ஆடும்போது நன்றாக இல்லை என்று குறிப்பே எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பைல் ஆவது முதல் வழிதான். சரியான விடை கையில் இருக்கும்போதே பக்கை வைத்துக்கொண்டார்கள், அந்தப் பக்கைச் சுற்றித்தான் பிற்பாடு ஒரு முழு ஆட்டக் கலையே வளர்ந்தது.

அதே ஆட்டத்தில் 125 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 125 ஃபிரேம்) விவகாரம் இன்னும் சுவாரசியமானது. ஒவ்வொரு ஃபிரேமின் முடிவிலும் வேகத்தை அருகிலுள்ள முழு எண்ணுக்கு ரவுண்ட் செய்துவிடுகிறார்கள். ஈர்ப்பு 800, ஃபிரேம் 8 மில்லி விநாடி என்றால் ஒரு ஃபிரேமில் வேகம் 6.4 குறைய வேண்டும், ரவுண்ட் செய்வதால் 6 மட்டும் குறைகிறது. ஆக 125 எஃப்பிஎஸ்ஸில் ஆடுகிறவர் 60 எஃப்பிஎஸ்ஸில் ஆடுகிறவரைவிட உயரமாகக் குதிக்கிறார். நகர்வைக் கணக்கிடும் கால அளவை எல்லோருக்கும் ஒரே மாதிரி 8 மில்லி விநாடியாக நிறுத்தி வைக்கும் ஒரு தேர்வைப் பிற்பாடு கொடுத்தார்கள். ஒரு புது ஆள் வந்து, இந்த ரவுண்ட் செய்யும் வேலையை ஃபங்ஷனின் முடிவிலிருந்து எடுத்து பாக்கெட் அனுப்பும் இடத்தில் வைத்தால் அடுக்காக இருக்குமே என்று நகர்த்தினால் என்ன ஆகும்? நிரல் அழகாகும், குதிக்கும் உயரம் மாறிவிடும், பழகிய வரைபடங்களில் எட்டிய மேடை எட்டாமல் போகும்.

எங்கள் ஆட்டத்திலும் இப்படி ஒன்று இருந்தது. சுவரில் சாய்வாக மோதும்போது கிடைமட்டத்தை முதலில் சரிபார்த்து அப்புறம்தான் செங்குத்தைச் சரிபார்க்கும். இதனால் சில மூலைகளில் ஒரு திசையில் வந்தால் வழுக்கிக்கொண்டு தாண்டிவிடலாம், எதிர்த் திசையில் வந்தால் நிற்க வேண்டும். கொடியோடு ஓடுகிறவர்கள் எல்லோரும் அந்த மூலைகளை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். மோதல் கணக்கைத் தனி ஃபைலுக்கு எடுத்தபோது இரண்டையும் ஒரே லூப்பில் செய்தால் நிரல் பாதியாகச் சுருங்கியது, ஆனால் பதிவுகளை ஓட்டியவுடன் ஹேஷ் உடைந்தது, உடைந்த இடங்கள் எல்லாமே அந்த மூலைகள். பழைய வரிசையையே வைத்துக்கொண்டு ஏன் இப்படி என்று மேலே நாலு வரி எழுதி வைத்திருக்கிறோம்.

வரிசை என்று வரும்போது கோ மொழியின் மேப்பை, அதாவது ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரியதை எடுத்துத் தரும் தரவு அமைப்பை, பற்றிப் பேசாமல் முடியாது. மேப்பின் மேல் லூப் ஓட்டினால் வரிசை ஒவ்வொரு முறையும் மாறும், யாரும் அந்த வரிசையை நம்பி எழுதிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்டக்காரர்கள் இருந்ததோ ஒரு மேப்பில். ஒரே டிக்கில் இரண்டு பேர் கொடியைத் தொட்டால் யாருக்கு என்பதை மொழியின் ரன்டைம் சீட்டுக் குலுக்கி முடிவு செய்துகொண்டிருந்தது. சரி, வரிசை மாறாத பட்டியலான ஸ்லைஸுக்கு மாற்றி, அறைக்குள் வந்த வரிசையில் வைத்தால் பதிவை மீண்டும் ஓட்டும் ரீப்ளே சரியாகிவிடும். ரீப்ளே சரியாகும், ஆனால் முதலில் வந்தவருக்கு ஆட்டம் முழுவதும் எல்லாத் தகராறிலும் முன்னுரிமை கிடைத்துவிடும். மேப்பில் இருந்தபோது தற்செயலாக நியாயமாக இருந்த ஒன்று ஸ்லைஸுக்கு வந்ததும் நிலையான அநியாயமாகிறது.

இதை யோசிக்க யோசிக்க எனக்குப் பிடித்துப் போனது, ஏனென்றால் நிரல் அடுக்கும் வேலை என்று ஆரம்பித்தது ஆட்டத்தின் விதியை எழுதும் வேலையாகிவிட்டது. கொடிக்கு, நடுப்புள்ளிக்கு அருகில் இருப்பவருக்கே கொடி, தூரமும் சமம் என்றால் டிக் எண்ணை வைத்து முறை மாறும். சுடுவதற்கு, இரண்டு பேரும் ஒரே டிக்கில் ஒருவரை ஒருவர் சுட்டால் ஒவ்வொருவராகக் கணக்கிடக் கூடாது, ஏனென்றால் முதலில் கணக்கிடப்பட்டவர் மற்றவரைக் கொன்றுவிட்டால் இறந்தவரின் குண்டு வெளியே வராமலே போகும். அதனால் டிக்கை இரண்டு கட்டமாகப் பிரித்தோம். முதல் கட்டத்தில் எல்லோருடைய சேதத்தையும் சேர்த்து வைப்பது, யாரையும் தொடாமல். இரண்டாவது கட்டத்தில் ஒரே மூச்சில் கழிப்பது. இப்போது இருவரும் சேர்ந்து சாகிறார்கள். முன்பெல்லாம் நானும் சுட்டேனே என்று அடிக்கடி வந்த புகார் இதோடு ஏறக்குறைய நின்றுவிட்டது.

அடுத்து தசம எண்கள். என் லேப்டாப் ஆப்பிள் எம்1, சர்வர் வழக்கமான 64-பிட் இன்டெல் வகை. சர்வரில் பதிவான ஆட்டத்தை என் லேப்டாப்பில் ஓட்டினால் கொஞ்ச தூரம் ஒத்துப் போய் அப்புறம் விலகும். காரணம், பெருக்கலும் கூட்டலும் அடுத்தடுத்து வந்தால் இரண்டையும் ஒரே கட்டளையாகச் சேர்த்துச் செய்ய கோ மொழியின் வரையறை அனுமதிக்கிறது. எம்1 போன்ற ஆர்ம் சிப்பில் கம்பைலர் அப்படிச் சேர்க்கும், மற்றதில் இயல்பான அமைப்பில் சேர்க்காது. சேர்த்துச் செய்யும்போது நடுவில் ஒரு முறை ரவுண்ட் ஆவது தவறிப்போவதால் கடைசி பிட் மாறும், ஆயிரம் டிக்குக்குப் பிறகு ஒருவர் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்பார். பெருக்கலை ஃபுளோட்64 மாற்றத்துக்குள் போட்டால் சேர்க்காமல் விட்டுவிடும், ஆனால் எல்லா இடத்திலும் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு எழுதுவது நடக்காத காரியம். தசமத்தையே விட்டுவிட்டோம். ஒரு பிக்சலை 256 பங்காகப் பிரித்து எல்லா இடங்களையும் முழு எண்ணாக வைத்திருக்கிறோம். கோணங்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்ட ஒரு சைன் அட்டவணை.

முழு எண்ணுக்கு மாறியதில் கிளையண்டுக்கும் நல்லது நடந்தது. அழுத்தியவுடன் திரையில் நகர வேண்டும், சர்வரின் பதிலுக்குக் காத்திருக்க முடியாது, ஆகவே கிளையண்டும் அதே கணக்கைத் தானாகப் போட்டுப் பார்க்க வேண்டும். குவேக் 3-இல் இரண்டு பக்கமும் ஒரே சி ஃபைல், எங்களுக்கு ஒரு பக்கம் கோ, மறுபக்கம் டைப்ஸ்கிரிப்ட். கோ நிரலை, பிரவுசரில் ஓடக்கூடிய வெப்அசெம்ப்ளியாக்கிக் கொண்டுபோகலாம், ஆனால் டவுன்லோட் அளவு மெகாபைட் கணக்கில் போய்விடும், சின்ன ஆட்டத்துக்கு அது அதிகம். அதனால் நகர்வுக் கணக்கை மட்டும் இரண்டு மொழியிலும் எழுதினோம். ஜாவாஸ்கிரிப்டின் எண்கள் 2-இன் 53-ஆவது அடுக்கு வரை முழு எண்ணைப் பிசகாமல் தாங்கும், எங்கள் கணக்கு அதன் பக்கத்தில் கூடப் போகாது. கோ பக்கத்திலிருந்து உள்ளீடும் விளைவும் கொண்ட ஒரு பெரிய ஃபைலை உருவாக்கி, இரண்டு பக்க டெஸ்ட்டும் அதையே ஓட்டுகின்றன. ஒரு எண் பிசகினாலும் பில்ட் நிற்கும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஃபோல்டர்கள். சொன்னால் ஆச்சரியமாக இருக்கும், அதற்குள் பிரிவது தானாகவே தெரிந்துவிட்டது, பெரிதாக விவாதிக்க எதுவும் மிச்சமில்லை. உலகம் ஒரு பேக்கேஜ், அறை ஒரு பேக்கேஜ், இணைப்பு ஒரு பேக்கேஜ், பாக்கெட் வடிவம் ஒன்று, டேட்டாபேஸ் ஒன்று. கோ மொழியில் இரண்டு பேக்கேஜ்கள் ஒன்றையொன்று இம்போர்ட் செய்து பயன்படுத்திக்கொள்ள முடியாது, கம்பைலரே மறுத்துவிடும். முதலில் எரிச்சலூட்டும் இந்த விதி இந்த வேலையில் பெரிய துணை. முன்பு ஒருவர் இறந்தால் அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே டேட்டாபேஸில் மதிப்பெண் எழுதும் அழைப்பு இருந்தது, லாக் பிடித்தபடியே. இப்போது உலகத்துக்கு டேட்டாபேஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. டிக் முடிந்ததும் "இவர் இறந்தார், இவர் கொடி சேர்த்தார்" என்று ஒரு நிகழ்வுப் பட்டியலைத் திருப்பிக் கொடுக்கும், அதை அறை வாங்கி வேண்டியவர்களுக்கு அனுப்பும்.

உலகம் பேக்கேஜுக்குள் நெட்வொர்க்கோ கடிகாரமோ யாரும் தெரியாமல் கொண்டுவந்துவிடக் கூடாது என்று, கோ லிஸ்ட் கட்டளையை வைத்து அதன் நேரடி இம்போர்ட்டுகளைச் சோதிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டும் பில்டில் ஓடுகிறது. நேரடி இம்போர்ட்டுகளை மட்டும்தான் பார்க்க வேண்டும், மொத்தச் சங்கிலியையும் பார்த்தால் எழுத்தை அச்சிடும் எஃப்எம்டி பேக்கேஜைத் தொட்டாலே அதன் வழியாக ஓஎஸ், அதன் வழியாக டைம் என்று எல்லாமே வந்து நிற்கும். மைன்கிராஃப்ட் 2012-இல் 1.3 பதிப்பில் தனியாக ஆடுவதையே உள்ளுக்குள் ஓடும் ஒரு சர்வராக மாற்றியது நினைவிருக்கலாம். உலகம் தன் பாட்டுக்குத் தனியாக நின்றால் இப்படியெல்லாம் செய்யலாம். நாங்கள் எட்டு பாட்களை (தானாக ஆடும் நிரல்களை) விட்டு, நெட்வொர்க்கே இல்லாமல், ஒரு முழு ஆட்டத்தை ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் ஓட்டிப் பார்க்கிறோம்.

இசிஎஸ் முறைக்கு, அதாவது ஆட்டப் பொருள்களின் தரவைத் துண்டுகளாகவும் அவற்றை இயக்கும் நிரலைத் தனியாகவும் வைக்கும் முறைக்கு, மாற்றவில்லையா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். ஓவர்வாட்ச் அந்த முறையில்தான் கட்டப்பட்டது, கேம் உருவாக்குகிறவர்களுக்கான 2017 ஜிடிசி மாநாட்டில், அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டிம் ஃபோர்ட் அதைப் பற்றி விரிவாகப் பேசியிருக்கிறார், கேட்க வேண்டிய பேச்சு. எங்களிடம் இருப்பது ஆட்டக்காரர், குண்டு, கொடி, மூன்றே வகை. மூன்று ஸ்லைஸ் போதும். அந்தப் பேச்சிலிருந்து எடுத்துக்கொண்டது, தரவு ஒரு பக்கம், அதன் மேல் நிர்ணயித்த வரிசையில் ஓடும் ஃபங்ஷன்கள் ஒரு பக்கம் என்கிற எண்ணத்தை மட்டும்.

வெளியே அனுப்பும் பக்கமும் இதே அளவு வேலை வாங்கியது. பழைய நிரல் லாக் பிடித்தபடியே எட்டு சாக்கெட்டுகளுக்கும் எழுதும். ரயிலில் போகிற ஒருவரின் போனில் சிக்னல் போனால் அவருடைய டிசிபி பஃபர் நிறையும், எழுதுவது அங்கேயே நிற்கும், அந்த ஒருவருக்காக மற்ற ஏழு பேரும் நிற்பார்கள். இப்போது ஒவ்வொரு இணைப்புக்கும் எழுதுவதற்கென்று ஒரு தனி கோரூட்டீன், அறை அதனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஆனால் அவர் வாங்காமலே இருந்தால் என்ன செய்வது? இங்கேதான் அனுப்புவதில் இரண்டு ஜாதி இருப்பது தெரிகிறது. உலகத்தின் தற்போதைய நிலை என்பது ஒன்று, புதியது வந்தால் பழையது குப்பை, ஆகவே அதற்கு வரிசையே வேண்டாம், ஒரே ஒரு இடம், புதியது வந்தால் பழையதன் மேல் எழுதிவிடலாம். நிகழ்வு என்பது இன்னொன்று, கொடி சேர்ந்தது, ஆட்டம் முடிந்தது, இவற்றில் ஒன்று கூடத் தவறக் கூடாது, ஆகவே அதற்கு வரிசை உண்டு, அந்த வரிசை நிரம்பிவிட்டால் அந்த இணைப்பைத் துண்டித்துவிடுவதே மேல். இரண்டையும் ஒரே சேனலில் போட்டுக்கொண்டிருந்த வரைக்கும் எதை விடுவது, எதை வைப்பது என்று முடிவெடுக்கவே முடியவில்லை.

டிக் ஓட்டுவதற்கு குறித்த இடைவெளியில் எழுப்புவதற்கு மொழியில் இருக்கிற டிக்கரை அப்படியே நம்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாங்குகிறவர் மெதுவாக இருந்தால் அது சில டிக்குகளை விட்டுவிடும், அந்த அறையின் உலகம் மட்டும் நிஜ நேரத்தைவிடப் பின்தங்கும். எவ்வளவு நேரம் கடந்திருக்கிறது என்று பார்த்து அதற்கு எத்தனை டிக் கடன் இருக்கிறதோ அத்தனையையும் ஓட்டுகிறோம், ஒரே நேரத்தில் 5-க்கு மேல் போகாமல். அந்த வரம்பு இல்லாவிட்டால், தாமதத்தை ஈடுகட்ட ஓடும் டிக்குகளே அடுத்த தாமதத்தை உண்டாக்கி அறை மீளவே மீளாது.

ஆட்டக்காரர்களுக்கு இதில் எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர்கள் கவனித்துச் சொன்னது ஒன்று, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் ஆட்டத்திலிருந்து தூக்கி எறிவதில்லை என்பது. முன்பு இணைப்புதான் ஆட்டக்காரர், அது போனால் அவரும் போனார். இப்போது உலகத்துக்குள் இருக்கும் ஆட்டக்காரருக்கு இணைப்பு என்றால் என்னவென்றே தெரியாது, உள்ளீடு வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். சில டிக்குகளுக்குக் கடைசியாக அழுத்தியதையே அழுத்துவதாக எடுத்துக்கொள்ளும், அப்புறம் கையை விட்டதாக வைத்துக்கொண்டு நிற்கும். 10 விநாடிக்குள் அதே அடையாள டோக்கனோடு வேறொரு இணைப்பு வந்தால் அறை அதை அந்த ஆட்டக்காரரோடு ஒட்டிவிடும்.

இதில் இன்னும் விவாதத்தில் இருப்பது கொடி. கொடியோடு ஓடிக்கொண்டிருப்பவரின் இணைப்பு போனால் கொடி அவரிடமே 10 விநாடியும் இருக்கலாமா, உடனே கீழே விழ வேண்டுமா? இருக்கட்டும் என்றால், தோற்கும் அணியில் ஒருவர் வேண்டுமென்றே ஒரு மூலைக்குப் போய் இணைப்பைத் துண்டித்துவிட்டு நேரத்தை ஓட்டலாம். உடனே விழட்டும் என்றால், சுரங்கப்பாதையில் ஒரு நொடி சிக்னல் போனவரின் உழைப்பு வீண். இப்போதைக்கு 2 விநாடி, அதாவது 60 டிக், அப்புறம் கொடி விழும் என்று வைத்திருக்கிறோம். உலகம் பேக்கேஜில் அது ஒரே ஒரு எண், பழைய ஆட்டப் பதிவுகளில் அந்த எண்ணை மாற்றி மாற்றி ஓட்டி எத்தனை ஆட்டங்களில் கொடி கைமாறும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.